நீர்த்தவளை பேணல்: சில பழமொழிகளின் மீது ஒரு மறுஆய்வு

தவளையைப் பற்றித் தமிழருக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்றுதான் பொதுவான எண்ணம். அது கிணற்றுக்குள் கிடக்கும், உலகம் தெரியாது. தன் வாயால் கெடும். தாமரைக்குப் பக்கத்திலேயே குடியிருந்தும் தேனை அறியாது. அது கத்தினால் மழை வரும். புத்தி மட்டான ஆளைத் திட்ட ‘மண்டூகம்’ என்று வடமொழிப் பெயரும் கைவசம் உண்டு. இலக்கணக்காரர்களும் அதை விட்டுவைக்கவில்லை. நன்னூலின்படி சூத்திரங்கள் நிற்கும் நிலை நான்கு. ஓடும் ஆறு, திரும்பிப் பார்க்கும் சிங்கம், பாய்ந்து இறங்கும் பருந்து என்ற மூன்று கம்பீரங்களுக்கு நடுவே தவளைப் பாய்த்தும் ஓர் இடம் பிடித்திருக்கிறது.

இத்தனை ஞானத்தையும் ஒன்றுதிரட்டினால், வீட்டுக் கூடத்தில் இரண்டடிக் கண்ணாடித் தொட்டியில் இரண்டு தவளைகளை ஒரு வருஷம் உயிரோடு வைத்திருக்க முடியுமா? முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மொழியில் சொன்னால், இங்கே ஓர் ‘ஆய்வு இடைவெளி’ இருக்கிறது. அதை அடைக்க வந்ததே இக்கட்டுரை. ஆய்வு முறை எளியது: பழமொழிகளை ஒவ்வொன்றாகத் தொட்டிக்குள் போட்டுப் பார்ப்பது, மிதந்தால் ஏற்பது, மூழ்கினால் கைவிடுவது. நடுவில் சில செய்திகள் விட்டுப்போய்ச் சில தாவி வந்தால் அதைத் தவளைப் பாய்த்து எனக் கொள்க, குற்றமன்று.

முதலில் பொருள் வரையறை. தவளை என்றதும் மழைக்காலத்தில் வாசற்படியோரம் உட்கார்ந்திருக்கும் தேரையையோ, வயல் வரப்பிலிருந்து குதிப்பதையோ நினைப்பவர்கள் அந்த நினைப்பை இங்கேயே இறக்கி வைத்துவிடலாம். அவை தண்ணீருக்கும் தரைக்கும் போய்வருபவை. இங்கே பேசப்படுபவை பிறப்பு, படிப்பு, கல்யாணம், சாவு எல்லாமே தண்ணீருக்குள் என்று வாழும் பிபிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. வீட்டுத் தொட்டிக்கு வருபவை பெரும்பாலும் இரண்டு. ஒன்று ஆப்பிரிக்கக் குள்ளத் தவளை; காங்கோ, கேமரூன், காபோன் பக்கத்துக் காட்டுக் குட்டைகள்தான் சொந்த ஊர்; முழுதாக வளர்ந்தாலும் உடம்பு கட்டைவிரல் அளவுதான். மற்றது ஆப்பிரிக்க நகத்தவளை, தென்னாப்பிரிக்கப் பக்கத்தது, அதில் பெண் வளர்ந்துவிட்டால் உள்ளங்கையை நிறைத்துவிடும்.

குட்டியாக இருக்கையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். விற்பவரே சில சமயம் ஏமாந்துபோவார். குள்ளன் என்று நம்பி வாங்கியது சில மாதங்களில் ஊதிப் பெருத்து, கூட இருந்த நியான் டெட்ராக்களையும் கப்பிகளையும் ஒவ்வொன்றாக முடித்துவிட்டுத் தொட்டிக்குத் தனி உரிமையாளராக உட்கார்ந்திருக்கும். இங்கேதான் பெயரியல் கைகொடுக்கிறது. குள்ளத் தவளையின் அறிவியல் பெயர் ஹைமனோகைரஸ். கிரேக்க மொழியில் ‘சவ்வுக் கை’ என்று பொருள். நகத்தவளையின் பெயர் ஜெனோபஸ். அதாவது ‘விநோதக் கால்’. எனவே கையைப் பார்க்க வேண்டும். முன்கை விரல்களுக்கு நடுவில் சவ்வு இருந்தால் குள்ளன். முன்கை விரல்கள் சவ்வில்லாமல் தனித்தனியாக நீட்டிக்கொண்டிருந்து, பின்காலில் மூன்று விரல்களின் நுனியில் மட்டும் நகம் இருந்தால் அது மற்றது. உடம்பு வெள்ளையாகவும் கண் சிவப்பாகவும் இருந்தால் ஆராய்ச்சியே தேவையில்லை. கடைக்கு வரும் அந்த வெள்ளை ரகம் நகத்தவளைதான். கிரேக்கம் படித்தவருக்கு வண்ணமீன் கடையில் பயன் கிடைக்கும் சந்தர்ப்பம் இது ஒன்றே.

இனிக் கிணறு.

‘கிணற்றுத் தவளை’ என்னும் சொற்றொடருக்குள் இரண்டு கூற்றுகள் ஒளிந்திருக்கின்றன. கிணறு தவளைக்கு உகந்த வீடு என்பது ஒன்று. அங்கே வாழும் தவளைக்கு உலகம் தெரியாது என்பது மற்றொன்று. முதலாவதை எடுத்துக்கொள்வோம். இந்தத் தவளைகள் தண்ணீரிலேயே வாழ்ந்தாலும் செவுள் கிடையாது, நுரையீரல்தான். கீழே எவ்வளவு சுவாரசியமான வேலை இருந்தாலும் அவ்வப்போது மேலே வந்து ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு போக வேண்டும். கட்டைவிரல் அளவுப் பிராணிக்கு ஓரடித் தண்ணீர் போதும். அதற்கு மேல் ஆழம் கூடக்கூட, லிஃப்ட் பழுதான அடுக்குமாடியில் எட்டாம் மாடிக்காரர் பால் பாக்கெட்டுக்காகப் போய்வரும் கதைதான். ஆக, கிணறு தள்ளுபடி. நெட்டையான அலங்காரத் தொட்டிகளும் அதே காரணத்தால் தள்ளுபடி. நீளமும் அகலமும் உள்ள, குறைந்தது இருபது லிட்டர் கொள்ளும் தொட்டியே ஒரு குள்ளத் தவளைத் தம்பதிக்குக் கௌரவமான குடியிருப்பு. நகத்தவளை ஒன்றுக்கே அதைப்போல் இரண்டு மடங்கு வேண்டும்.

மூச்சு விஷயத்தில் இன்னொன்று. குள்ளத் தவளை சில நேரம் நீர்ப்பரப்பில் கைகால்களைப் பப்பரப்பே என்று விரித்து, மூக்கு நுனி மட்டும் வெளியே தெரிய, அசையாமல் மிதக்கும். புதிதாக வாங்கியவர்கள் இதைப் பார்த்துத் துக்கம் விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். மேலை நாட்டு வளர்ப்பாளர்கள் இந்த நிலைக்கு ஜென் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம்மிடம் சவாசனம் இருக்கும்போது ஜப்பானுக்குப் போக வேண்டிய அவசியம் என்ன என்று தெரியவில்லை. வலையை எடுத்துக்கொண்டு போனால் பிணம் சட்டென்று தலைகுப்புறப் பாய்ந்து பானைத் துண்டுக்கு அடியில் போய்விடும்.

கிணற்றின் ஆதரவாளர்கள் சார்பில் ஒன்று சொல்லியாக வேண்டும்: கிணற்று நீரில் குளோரின் இல்லை. தவளைக்குத் தோல் என்பது நமக்கு இருப்பதுபோல் மூடியன்று, பாதி வாசல். தண்ணீரில் கரைந்திருப்பது எதுவாயினும் அதன் வழியே உள்ளே போகும். கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றுவது என்பது தவளையைக் கேட்காமலேயே அதற்கு மருந்து கொடுப்பதற்குச் சமம். ஒரு நாள் வாளியில் பிடித்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் பறந்துவிடும். குளோரமின் கலந்த தண்ணீரென்றால் அது பறக்காது. கடையில் ஆன்டி குளோரின் என்று விற்கும் சொட்டுமருந்தில் குளோரமினுக்கும் கேட்குமா என்று பார்த்து வாங்க வேண்டும். மீனுக்கு நோய் வந்தால் ஊற்றும் தாமிரம் கலந்த மருந்துகள் தவளையோடு இருக்கும் தொட்டிக்கு ஆகவே ஆகாது. சோப்பு, ஹேண்ட் க்ரீம், கொசுவிரட்டி பூசிய கையும் அப்படித்தான்.

தண்ணீர் தெளிவாக இருக்கிறது, ஆகவே சுத்தமாக இருக்கிறது என்னும் முடிவு அடுத்த தவறு. தவளையின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது. அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா, ஃபில்டரின் ஸ்பாஞ்சில் குடியேறி வேலையைத் தொடங்க நான்கு முதல் ஆறு வாரம் எடுக்கும். ஆகவே தொட்டியும் தவளையும் ஒரே நாளில் ஒரே ஆட்டோவில் வீட்டுக்கு வருவது நல்ல சகுனமன்று. வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீரை மாற்றினால் போதும். முழுத் தொட்டியையும் கவிழ்த்து, ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து, தீபாவளிக்கு வீடு கழுவுவதுபோல் கழுவுகிறவர்கள் உண்டு. ஒரு மாதமாகக் கூடிய பாக்டீரியா ஒரு நிமிடத்தில் சாக்கடைக்குப் போகும்.

தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்கு மறுப்பாகச் சிலர் மைக்கேல் ஜாஸ்லாஃபை மேற்கோள் காட்டக்கூடும். அமெரிக்க ஆய்வாளரான அவர் நகத்தவளைகளின் வயிற்றைக் கீறி முட்டைகளை எடுத்துத் தைத்து, திரும்பவும் கலங்கிய தொட்டி நீரில் விடுவது வழக்கம். அந்த அழுக்கில் புண் சீழ்ப் பிடிக்காமல் எப்படி ஆறுகிறது என்று ஒரு நாள் யோசித்தார். 1987-இல் அந்தத் தோலிலிருந்து நுண்ணுயிர்களைக் கொல்லும் பொருள்களைப் பிரித்தெடுத்து, எபிரேய மொழியில் கேடயத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து மகைனின் என்று பெயரிட்டார். அருமையான கண்டுபிடிப்புதான். ஆனால் கேடயம் இருக்கிறதே என்று தினமும் அம்பு விட வேண்டுமா என்ன?

இரண்டாவது கூற்றுக்கு வருவோம்: உலகம் தெரியாதது. இங்கே பழமொழி மூழ்கும் வேகம் வியப்பூட்டுகிறது. லான்ஸ்லாட் ஹாக்பென் என்னும் ஆங்கிலேய விலங்கியலாளர் 1927-இல் கேப் டவுன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே கிடைத்த நகத்தவளைகள் மீது அவருக்குப் பிடித்த மோகத்தில், தம் வீட்டுக்கே ஜெனோபஸ் என்று பெயர் வைத்தார். (நம் ஊரில் ‘அன்னை இல்லம்’ என்று வைப்பதுபோல.) அவர் தொடங்கிவைத்த ஆராய்ச்சியிலிருந்து 1930-களில் ஒரு கர்ப்பப் பரிசோதனை பிறந்தது. பெண்ணின் சிறுநீரைப் பெண் தவளையின் தோலுக்கடியில் ஊசியால் ஏற்றுவார்கள். அவர் கர்ப்பமாக இருந்தால், ஒரு நாள் கழிவதற்குள் தவளை முட்டையிட்டுவிடும். அதுவரை இதே வேலைக்கு எலியையும் முயலையும் கொன்று, வயிற்றைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. தவளையோ முட்டையைப் போட்டுவிட்டு, கொஞ்ச நாள் ஓய்வெடுத்து, அடுத்த நோயாளிக்குத் தயாராகிவிடும். ஆயிரக்கணக்கில் கப்பலேறி அவை உலகின் மருத்துவமனைகளுக்குப் போயின. எத்தனையோ குடும்பங்களில் நல்ல செய்தி மாமியாருக்குத் தெரிவதற்கு முன்பே தவளைக்குத் தெரிந்திருக்கிறது.

1960-களில் தவளை தேவைப்படாத சோதனைகள் வந்து அந்த வேலையைப் பறித்துக்கொண்டன. அதற்குள் தவளைகள் உயிரியல் ஆய்வகங்களில் இடம்பிடித்துவிட்டன. கேட்ட நேரத்தில் முட்டையிடும் பிராணியை யார் விடுவார்கள்? ஜான் கர்டன் தவளைக்குஞ்சின் குடல் செல்லிலிருந்து உட்கருவை எடுத்து, உட்கரு நீக்கிய முட்டையில் வைத்து முழுத் தவளையை வளர்த்துக் காட்டியது ஜெனோபஸில்தான். அதற்காக 2012-இல் நோபல் பரிசு பெற்றார். பள்ளியில் உயிரியல் பாடத்தில் 250 மாணவர்களில் கடைசியாக வந்தவர் அவர். மண்டூகம் என்னும் வசையை உபயோகிக்கும் ஆசிரியர்கள் கவனிக்க. 1992 செப்டம்பரில் எண்டெவர் விண்கலத்தில் நான்கு பெண் நகத்தவளைகள் விண்வெளிக்குப் போய், அங்கேயே முட்டையிட்டு, அங்கேயே கரு உருவாவதையும் காட்டின. இவ்வளவுக்குப் பிறகும் உலகம் தெரியாதது என்று அதைச் சொன்னால், சொன்னவரின் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்க்க வேண்டியிருக்கும்.

சுற்றுப்பயணத்துக்கு ஒரு விலையும் உண்டு. ஆய்வகத்திலிருந்தும் வீடுகளிலிருந்தும் தப்பியும் விடுவிக்கப்பட்டும் போன நகத்தவளைகள் கலிபோர்னியா, சிலி, பிரான்ஸ், சிசிலி என்று பல இடங்களில் குடியேறி, அங்கிருந்த மீன்குஞ்சையும் உள்ளூர்த் தவளையின் குஞ்சையும் தின்று பெருகின. சான் பிரான்சிஸ்கோவில் கோல்டன் கேட் பூங்காவின் அல்லிக்குளத்தை இவற்றிடமிருந்து மீட்கக் குளத்தையே வற்றவைக்க வேண்டியதாயிற்று. தவளை இனங்களை உலகெங்கும் கொன்று வரும் கைட்ரிட் பூஞ்சையைச் சுமந்துகொண்டும் தான் சாகாமல் திரியக்கூடியது இது. ஆகவே வளர்க்க அலுத்துப்போனால் ஊர்க் குளத்தில் விட்டுப் புண்ணியம் தேடுகிறவர், உள்ளூர்த் தவளைகளின் கணக்கில் வேறு எதையோ எழுதுகிறார். நகத்தவளை இருபது வருஷத்துக்கு மேலும் வாழும் என்பதை வாங்கும்போதே, அதாவது மூன்றாம் வகுப்புப் பிள்ளை அடம்பிடிக்கும்போதே, நினைத்துக்கொள்வது நல்லது. பிள்ளை கல்லூரி முடித்து, வேலைக்குப் போய், தனிக்குடித்தனம் போனபிறகும் தவளை இதே வீட்டில் இருக்கும்.

கிணற்றைப் பழிக்கும் முன் அமெரிக்கக் கடைகளில் விற்ற ஒரு பொருளையும் பதிவு செய்ய வேண்டும். நான்கு அங்குல பிளாஸ்டிக் கனசதுரம். உள்ளே கொஞ்சம் கல், ஒரு மூங்கில் தண்டு, ஒரு நத்தை, இரண்டு குள்ளத் தவளை. ஃபில்டர் இல்லை, ஹீட்டர் இல்லை. மேசையில் பேப்பர்வெயிட்போல வைத்துக்கொண்டு வாரம் இரண்டுமுறை உருண்டைத் தீனி போட்டால் போதும் என்பது விளம்பரம். இந்தத் தவளைக்கு வேண்டியது 24 முதல் 27 டிகிரி வெப்பம். சிகாகோவின் குளிர்காலத்தில் அலுவலக மேசை மேல் அது எப்படிக் கிடைக்கும்? சென்னையில் வருஷத்தின் பாதிக்கு மேல் ஹீட்டர் வேண்டாம். ஏசி அறையில் தொட்டியை வைத்தால் மட்டும் சென்னையும் சிகாகோதான். அந்தக் கனசதுரத்தோடு ஒப்பிட்டால் கிணறு ஓர் அரண்மனை என்று இவ்வாய்வு ஒப்புக்கொள்கிறது.

அடுத்தது, தவளை தன் வாயால் கெடும் என்பது. இதுதான் இவ்வாய்வின் மையம். ஏனெனில் இது முதலில் மூழ்கி, பிறகு வேறு இடத்தில் மிதந்து வருகிறது.

பழமொழியின் தர்க்கம் இது: தவளை கத்துகிறது, பாம்புக்குக் கேட்கிறது, கதை முடிகிறது. நீர்த்தவளை வாயைத் திறந்து கத்துவதே இல்லை. குரல் நாண்கள் அதற்குக் கிடையாது. குரல்வளைக்குள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் இரண்டு குருத்தெலும்புத் தட்டுகளைத் தசை வெடுக்கென்று பிரிக்கும்போது ‘டிக்’ என்று ஓர் ஒலி எழும். காற்று வெளியே போவதில்லை, வாய் திறப்பதில்லை. நகத்தவளையில் பெண்ணும் பேசும். இணங்கத் தயாராக இருந்தால் விரைவான தட்டல். இல்லையென்றால் மெதுவான ‘டிக்… டிக்’. இரண்டாவதைக் கேட்ட ஆண் பிடியைத் தளர்த்திவிடும். மறுப்பை ஒரே தடவையில் புரிந்துகொள்ளும் இந்த ஏற்பாட்டைப் பற்றி மேலும் விளக்குவது நம் திரைப்படக் கதாநாயகர்களைப் புண்படுத்தும் என்பதால் கடந்து செல்வோம்.

ஆண் குள்ளத் தவளையின் ஒலி இதிலிருந்து வேறு. இரவு விளக்கணைத்த பிறகு எங்கோ டிரான்ஸ்ஃபார்மர் உறுமுவதுபோல மெல்லிய ரீங்காரம். ஏர் பம்ப் இருக்கும் வீட்டில் பழி எப்போதும் பம்புக்குத்தான் போகும். “அந்த மோட்டாரை நிறுத்துப்பா, தூக்கம் வரல” என்பார் பாட்டி. “அதை நிறுத்தி அரை மணி ஆச்சு பாட்டி” என்பான் பேரன். பிறகு ஃப்ரிட்ஜ் மீது சந்தேகம், பிறகு மேல்வீட்டுக்காரர் மீது. ரீங்காரம் செய்வது எது என்று பார்க்க எளிய வழி, முன்கை சேரும் இடத்துக்குப் பின்னால் சின்ன வெண்மையான பரு இருக்கிறதா என்று கவனிப்பது. அது வளர்ந்த ஆணின் அடையாளம். பெண்ணுக்கு அது இருக்காது. உடம்பு பேரிக்காய்போல் இருக்கும்.

ஆகவே வாயால் பேசிக் கெடுவதில்லை. ஆனால் தின்று கெடுகிறது. நாலாம் வகுப்புப் பாடப்புத்தகப் படங்களில் தவளை என்றால் அரை அடி நாக்கை நீட்டி ஈயைப் பிடிக்கும். பிபிடே குடும்பத்தில் யாருக்கும் நாக்கே இல்லை. வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சுவதுதான் முறை. நகத்தவளை இதற்கு இரு கைகளையும் உபயோகிக்கும். கல்யாணப் பந்தியில் கடைசி இலைக்கு உட்கார்ந்தவர்போல் வாரி வாரி உள்ளே தள்ளும். உறிஞ்சும்போது புழுவோடு கல்லும் போய்விடும். கடைகளில் கிலோ கணக்கில் விற்கும் பட்டாணி அளவு வண்ணக்கல் தவளைத் தொட்டிக்கு எமன். ஒன்று, மணல்போல் நுண்ணியதாக இருக்க வேண்டும். அல்லது தவளையின் தலையைவிடப் பெரிய கூழாங்கல்லாக இருக்க வேண்டும். நடுவில் உள்ளது எதுவும் வேண்டாம்.

அளவிலும் வாய் கெடுக்கும். வளர்ந்த குள்ளத் தவளைக்கு வாரம் மூன்று வேளை, ஒவ்வொரு வேளையும் அதன் தலை அளவுக்கு மேல் போகாமல், உறைந்த ரத்தப்புழுவோ ஆர்டீமியாவோ டாஃப்னியாவோ போதும். நாம் மூன்று வேளை சாப்பிட்டுவிட்டு அது சும்மா இருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், ‘பாவம், பசிக்குமே’ என்று தினமும் போடுவதால்தான் தவளை உப்பிப்போகிறது. தவளையின் உடம்பில் நீர் கோத்துப் பலூன்போல் வீங்கும் நோய் ஒன்று உண்டு; வந்துவிட்டால் மீட்பது கடினம். பழைய தோலை உரிக்கும் நாளில் அது தன் தோலையே உருட்டி விழுங்கிவிடும். அதைப் பார்த்தவர்கள் அன்றைக்குக் கூடுதலாக ஒரு வேளை போட்டுவிடுகிறார்கள். வேண்டாம், அது பசியால் அல்ல, சிக்கனத்தால்.

ஆனால் பழமொழிக்கு முழு வெற்றி தேடித்தந்தது தவளையின் வாய் அன்று. மனிதப் பிள்ளைகளின் வாய். 2009 முதல் 2011 வரை அமெரிக்காவில் நாற்பதுக்கு மேற்பட்ட மாநிலங்களில் 200 பேருக்கு மேல் சால்மோனெல்லா தொற்று கண்டது. பெரும்பாலோர் பத்து வயதுக்குட்பட்டவர்கள். விசாரித்துக்கொண்டே போனதில் வீட்டுத் தொட்டிக் குள்ளத் தவளைகளும், அவற்றை உற்பத்தி செய்த கலிபோர்னியப் பண்ணை ஒன்றும் தெரியவந்தன. தவளைக்கு ஒன்றும் ஆகவில்லை. கிருமியைத் தன் உடம்பில் வைத்துக்கொண்டே நிம்மதியாக இருந்தது. ஆகவே தவளையைத் தொட்டாலும் தொட்டி நீரைத் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தொட்டிச் சாமான்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டுக்கு இந்தத் தவளையே வேண்டாம். தொடுவதை எந்த வீட்டிலுமே தவிர்க்கலாம். தூக்கிக் கொஞ்சுவதைத் தவளை ஒருபோதும் கோரியதில்லை.

தவளைப் பாய்த்து குறித்து அதிகம் சொல்வதற்கில்லை. நீர்த்தவளை தரையில் பாய்வதற்குப் படைக்கப்பட்டதன்று. ஆனால் மேல்நோக்கி ஓர் உந்து உந்தி, ஃபில்டர் ஒயர் போகும் இடைவெளி வழியே வெளியேறிவிடும். பிறகு சோபாவுக்கு அடியில் போகும், காய்ந்துபோகும். மூடி வேண்டும், இடைவெளி இல்லாத மூடி. நீர்மட்டத்துக்கும் மூடிக்கும் நடுவில் மூச்சுவிட ஓரிரு அங்குல இடமும் வேண்டும். நன்னூலார் இதைச் சொல்லவில்லை.

தவளை கத்தினால் மழை என்பதைத் தலைகீழாக நிறுத்தினால் சரியாகிவிடும். குள்ளத் தவளையைக் குஞ்சு பொரிக்கவைக்க நினைப்பவர்கள் சில நாள் நீர்மட்டத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, பிறகு வெதுவெதுப்பான புதுத் தண்ணீரால் நிரப்புவார்கள். வறட்சிக்குப் பின் மழை வந்ததாகத் தவளை நம்பிவிடும். ஆண் பெண்ணின் இடுப்பைக் கட்டிக்கொள்ள, இரண்டும் சேர்ந்து அடியிலிருந்து மேலெழும்பி, நீர்ப்பரப்பில் மல்லாந்து சில முட்டைகளை விட்டு, சுழன்று கீழே இறங்கும். பிறகு மறுபடியும், மறுபடியும். முட்டை மிதக்கும். அவற்றை உடனே அள்ளி வேறு பாத்திரத்துக்கு மாற்றாவிட்டால் பெற்றோரே தின்றுவிடுவார்கள். வரும் குஞ்சும் சாதுவன்று. பாசி மேய்கிற நம் ஊர்த் தலைப்பிரட்டைபோல இல்லாமல், குழாய்போன்ற வாயை நீட்டி, மீனைப்போல் இரையை உறிஞ்சிப் பிடிக்கும் குட்டி வேட்டைக்காரன் அது. 2002-இல் நேச்சர் இதழில் இதை விளக்கி ஒரு கட்டுரை வந்தது.

கடைசியாகத் தாமரையும் தேனும். பக்கத்திலேயே இருப்பதை அறியாதது என்று தவளையைப் பழிக்கும் இந்த ஒன்றுதான் தொட்டியில் முழுதாக மிதக்கிறது. ஆனால் பழிக்குக் காரணம் புத்தி அன்று, கண். குள்ளத் தவளைக்குப் பார்வை மட்டம். அது உணவைத் தேடுவது வாசனையாலும், உடம்பிலுள்ள பக்கக்கோட்டு உணர்வாலும்தான். மீன்களுக்கு உள்ள இந்த உறுப்பு மற்றத் தவளைகளில் பெரும்பாலும் குஞ்சுப் பருவத்தோடு போய்விடும். இவற்றில் வளர்ந்த பிறகும் நிற்கும். நகத்தவளையின் விலாவில் தையற்காரர் ஓட்டுத்தையல் போட்டதுபோல் தெரியும் கோடுகள் அவைதாம். தண்ணீரின் சிறு அசைவையும் அவை கேட்கும். பெரிய பவர் ஃபில்டரை வைத்துத் தொட்டியைக் காவிரிபோல் ஓடவிட்டால், அது ஒலிபெருக்கி அலறும் திருவிழாவில் ஒருவரிடம் ரகசியம் பேசச் சொல்வதற்குச் சமம். அதனால்தான் மெதுவாகக் குமிழி விடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர்.

பார்வையின் குறையை உத்தேசித்து, தீனி ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விழ வேண்டும். மேலை நாட்டார் இதற்குப் பூந்தொட்டியின் அடித்தட்டைப் பயன்படுத்துகிறார்கள். எண்ணெய் படாத புது அகல்விளக்கு ஒன்று இதைவிட அழகாகப் பொருந்தும். உறைந்த ரத்தப்புழுவைக் கொஞ்சம் தொட்டி நீரில் இளக்கி, நீண்ட டிராப்பரில் எடுத்து, நேரே அகலுக்குள் விட வேண்டும். தொட்டியில் மீன்கள் இருந்தால் அவற்றுக்கு எதிர்ப்பக்கத்தில் முதலில் தீனி போட்டுவிட வேண்டும். இல்லையென்றால் தவளை வாசனையைக் கண்டுபிடித்து வருவதற்குள் அகல் காலியாகிவிடும்.

இந்தக் கட்டத்தின் கள நிலவரம் எந்தத் தொட்டியிலும் ஏறத்தாழ ஒன்றே. விளக்கைக் குறைத்த பிறகு, முதல் தவளை அகலுக்கு ஓரங்குலம் தள்ளி நின்று மணலை முகர்ந்துகொண்டிருக்கும். இரண்டாவது அகலுக்குள் ஏறி, புழுவின் மீதே உட்கார்ந்துகொண்டு, புழு எங்கே என்று யோசிக்கும். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். திடீரென்று முதலாவது ஒரு பாய்ச்சல் பாய்ந்து வாயை மூடும். வாய்க்குள் இருப்பது இரண்டாவதின் பின்கால். இரண்டும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கும். பிறகு முதலாவது விட்டுவிடும். இரண்டாவது, யார் தன்னை இழுத்தது என்று தெரியாமல், ஒரு மூச்சு வாங்கிக்கொள்ள மேலே போகும். அது உந்திய அலையில் புழு அகலைவிட்டு எழுந்து, ஃபில்டர் பக்கமாக மெதுவாக மிதந்து போகும்.